நெருப்பு இருந்த இடத்தில் நூல்

ஐந்து நதிகளின் நாடு: பகுதி 23

1855ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி ராவல்பிண்டியில் ஒரு கல்யாணம் நடந்தது. வேதி கட்டவில்லை. அக்னி வளர்க்கவில்லை. மந்திரம் ஓதப் புரோகிதர் வரவில்லை. நடுவில் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாஹிப்பை வைத்து, அதைச் சுற்றி நடந்து மணமக்கள் இல்வாழ்க்கைக்குள் போனார்கள். நடத்தி வைத்தவர் பாபா தர்பாரா சிங். அவருடைய தந்தை பாபா தயால் தாஸ் காலமாகி அன்றைக்கு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

சென்ற பகுதியில் லாகூர் கோட்டையிலிருந்து சீக்கிய அரசின் கொடி இறங்கியதைப் பார்த்தோம். பஞ்சாப் ஆங்கிலேயர் கைக்குப் போய் ஆறாவது ஆண்டு இது. அரசு போன பிறகு ஒரு சமூகம் தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கும். பிறப்புக்கும் இறப்புக்கும் கல்யாணத்துக்கும் நாம் என்ன செய்கிறோம், யாரைக் கூப்பிடுகிறோம் என்று கேட்கும். அந்தக் கேள்வியை ராஜ்யம் உச்சத்தில் இருந்த நாளிலேயே கேட்டவர் பாபா தயால். உருவமற்ற இறைவனை, நிரங்காரை மட்டுமே வணங்கச் சொன்னதால் அவர் வழி வந்தவர்களுக்கு நிரங்காரிகள் என்று பெயர். (இருபதாம் நூற்றாண்டில் தனியாகப் பிரிந்து வளர்ந்த சந்த் நிரங்காரி மிஷன் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பாபா தயால் எதைப் பார்த்து வருந்தினார் என்பதை உணர 1839க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மகாராஜா ரஞ்சித் சிங் இறந்தார். அவர் சிதையில் நான்கு ராணிகளும் ஏழு பணிப்பெண்களும் உடன் எரிந்தார்கள். உடன்கட்டை ஏறுவதைக் கண்டித்த மூன்றாம் குரு அமர்தாஸின் சொல்லைக் கேட்டு வளர்ந்த அரசவையில் இது நடந்தது. நூல் கையில் இருந்தது, வழக்கம் வேறாக இருந்தது. கல்யாணத்திலும் அதே நிலைதான். புரோகிதர் நாள் குறித்தார், வேதி அமைத்தார், நெருப்பைச் சுற்ற வைத்தார். சீக்கியர்களும் சுற்றினார்கள்.

தந்தை வாழ்நாளெல்லாம் சொன்னதை மகன் துக்கம் ஆறுவதற்குள் செய்து காட்டினார். பிறப்பு, திருமணம், மரணம் மூன்றுக்கும் நிரங்காரிகள் என்ன செய்ய வேண்டும் என்று ஆணையும் எழுதினார். அந்த நெறிகள் பின்னால் சீக்கியச் சமூகம் முழுவதற்கும் பொதுவாகும் என்று அன்றைக்கு ராவல்பிண்டிக்கு வெளியே எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? நிரங்காரிகள் ஒரு சிறு கூட்டம். ஊரால் ஒதுக்கப்பட்ட கூட்டம்.

ஆனால் அந்தக் கல்யாணத்தில் அவர்கள் பாடியது புதுப் பாட்டு இல்லை. நான்காம் குரு ராம்தாஸ் இயற்றிய நான்கு பதங்கள் அவை. ‘லாவான்’ என்று பெயர். 1430 பக்கம் கொண்ட குரு கிரந்த் சாஹிப்பில் 773, 774ஆம் பக்கங்களில், சூஹி ராகத்தின் கீழ் இருக்கின்றன. பஞ்சாபியில் சூஹா என்றால் சிவப்பு, மணப்பெண் உடுத்தும் நிறம். அந்த நான்கு பதங்களும் ஒரு பயணம். முதல் பதம் அன்றாடக் கடமையில் நிற்கும் மனிதரோடு தொடங்குகிறது. இரண்டாவதில் மெய்க் குருவின் சந்திப்பு நிகழ்ந்து அகந்தை கரைகிறது. மூன்றாவதில் உலகப் பற்று தளர்ந்து வைராக்கியம் பிறக்கிறது. நான்காவதில் மனம் சமநிலை அடைந்து இறைவனோடு கலக்கிறது.

இது மணச்சடங்குக்கென்றே எழுதப்பட்டதா, ஆன்மாவின் பயணத்துக்காக எழுதப்பட்டதா என்று அறிஞர்கள் விவாதிப்பதுண்டு. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உயிருக்கும் இறைவனுக்கும் நடக்கும் மணத்தைப் பாடக் குரு ராம்தாஸ் கல்யாண வீட்டிலிருந்து சொல்லைக் கடன் வாங்கினார். கல்யாண வீடு பிறகு அதை வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டது. சுற்றி வரும் இருவரில் ஒருவர் ஆன்மா, மற்றவர் இறைவன் என்று இந்தப் பாடலில் பொருள் இல்லை. இருவருமே மணப்பெண்கள். இருவரும் சேர்ந்து ஒருவனை நோக்கி நடக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் பட்டாலா வருகிறது. 1487இல் குரு நானக் மாதா சுலக்கணியை அந்த ஊரில் மணந்தார் என்பது மரபு. மாப்பிள்ளை ஊர்வலமான பராத் தங்கியிருந்த இடத்தில் ஒரு மண்சுவர். விழுந்துவிடும், தள்ளி உட்காருங்கள் என்று ஒரு கிழவி எச்சரித்ததாகவும், இது பல காலம் நிற்கும் என்று நானக் சொன்னதாகவும் கதை. அந்தச் சுவரின் எச்சத்தைக் கந்த் சாஹிப் குருத்வாராவில் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறார்கள். ஆண்டுதோறும் ‘பாபே தா வியாஹ்’, அதாவது பாபாவின் கல்யாணம் என்று ஊரே கூடி பராத் எடுக்கிறது. ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய கல்யாணத்துக்கு இன்றும் மாப்பிள்ளை வீட்டார் போல உடுத்திக்கொண்டு போகும் மக்களுக்கு, கல்யாணச் சடங்கின் மேல் எவ்வளவு உரிமை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ராவல்பிண்டிக்கு எட்டு ஆண்டு கழித்து இன்னொரு முயற்சி. சீக்கியருக்குள் எழுந்த இன்னொரு சீர்திருத்தப் பிரிவான நாம்தாரிகளின் தலைவர் பாபா ராம் சிங், 1863 ஜூனில் பிரோஸ்பூர் மாவட்டத்தின் கோட்டே கிராமத்தில் புதிய முறையில் கல்யாணங்கள் செய்து வைத்தார். புரோகிதர் இல்லை, சீதனம் இல்லை. பாடல் அதே லாவான். ஆனால் நெருப்பை அவர் விடவில்லை. இன்றும் நாம்தாரிகள் அக்னியைச் சுற்றித்தான் மணம் செய்கிறார்கள். செலவும் சாதி வரம்பும் இல்லாமல் கூட்டமாகக் கல்யாணம் நடந்தால் கிராமத்தில் அதிகாரம் வைத்திருந்தவர்களுக்குப் பொறுக்குமா? புகார் போனது. அமைதி கெடும் என்று அரசு பாபா ராம் சிங்கை அவருடைய ஊரான பைணியை விட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. 1872இல் மலேர்கோட்லாவில் நாம்தாரிகளைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்ட கொடுமைக்குப் பின் அவரை ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். அந்தக் கதை தனிப் பகுதி கேட்கும்.

1873இல் அமிர்தசரஸில் சிங் சபை என்ற சீக்கியச் சீர்திருத்த அமைப்பு தொடங்கியது. 1879இல் லாகூரில் இன்னொன்று. பள்ளி, பத்திரிகை, துண்டு நூல் என்று இந்தச் சபைகள் புது வேகத்தில் இயங்கின. நாங்கள் யார் என்ற கேள்விக்குப் பாயி கான் சிங் நாபா 1898இல் ‘ஹம் ஹிந்து நஹீன்’ (நாங்கள் இந்துக்கள் அல்ல) என்று தலைப்பிலேயே பதில் எழுதினார். 1902இல் இந்தச் சபைகளின் பொது அமைப்பாகச் சீஃப் கால்சா திவான் உருவானது. கிரந்தத்தைச் சுற்றி வரும் ஆனந்த் முறைக் கல்யாணங்கள் ஊர் ஊராகப் பரவின.

பரவப் பரவ ஒரு பயமும் வளர்ந்தது. சொத்து வழக்கு ஒன்று நீதிமன்றத்துக்குப் போகிறது என்று வையுங்கள். “இந்தப் பெண் இறந்தவரின் மனைவியே அல்ல, இவர்கள் அக்னியைச் சுற்றவில்லை” என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொன்னால்? ஒரு பெண்ணின் பங்கும் அவள் பிள்ளைகளின் பெயரும் அந்த ஒரு வாதத்தில் ஆடிப்போகும். மதச் சீர்திருத்தம் என்று நாம் பெருமையாகச் சொல்வதன் பாரத்தை இப்படி வீட்டில் இருந்த பெண்கள்தான் சுமந்தார்கள். சட்டம் தேவைப்பட்டது அதற்காகத்தான்.

நாபா சமஸ்தானத்தின் இளவரசர் திக்கா ரிபுதமன் சிங் அப்போது வைஸ்ராயின் சட்டசபையில் உறுப்பினர். 1908 அக்டோபர் 30ஆம் தேதி ஆனந்த் திருமண மசோதாவைக் கொண்டுவந்தார். அவருடைய பதவிக்காலம் முடிந்ததும் சுந்தர் சிங் மஜீத்தியா அதைத் தொடர்ந்து நடத்தினார். எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. சீக்கியர்களுக்குள்ளேயே பலர் தயங்கினார்கள். நெருப்பைச் சுற்றி மணந்த எங்கள் பெற்றோரின் கல்யாணம் செல்லாமல் போய்விடுமா? இந்து உறவினரோடு இருக்கும் கொள்வினை கொடுப்பினை அறுந்துவிடுமா? ஊர் ஊராக ஆதரவுக் கையெழுத்து திரட்டப்பட்டது. 1909 அக்டோபர் 22 அன்று மசோதா சட்டமானது.

அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அன்று நிறைவேறியபோது மொத்தமே ஐந்து பிரிவு. கல்யாணம் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. லாவான் என்ற சொல் இல்லை, எத்தனை சுற்று என்று இல்லை. ஆனந்த் முறையில் செய்த மணம் செல்லும், வேறு முறையில் செய்துகொண்ட சீக்கியரின் மணத்துக்கும் இதனால் குறைவில்லை, இவைதான் சாரம். தயங்கியவர்களின் பயத்துக்கு அந்த இரண்டாவது வாக்கியம் பதில். ஆனால் என்னை நிறுத்தியது முதல் வாக்கியத்தின் காலம். இனி நடக்கப்போகும் மணங்களுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. இதற்கு முன் நடந்தவையும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று சட்டம் சொன்னது. ராவல்பிண்டியில் 1855 மார்ச் 13 அன்று கிரந்தத்தைச் சுற்றி நடந்த அந்த இருவரும் 54 ஆண்டு கழித்து, அதே தேதியிலிருந்து, சட்டத்தின் கண்ணிலும் கணவன் மனைவி ஆனார்கள்.

சட்டம் சொல்லாமல் விட்டதைச் சமூகம் தானே எழுதிக்கொண்டது. குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவாக்கி 1936இல் ஏற்று, 1945இல் திருத்திய ‘சிக் ரெஹத் மரியாதா’ என்ற நெறிநூலில் கல்யாணத்துக்குத் தனிப் பகுதி உண்டு. குழந்தை மணம் கூடாது. சாதி பார்க்கக் கூடாது. ஜாதகமும் நல்ல நாளும் பார்க்க வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பதோ எடுப்பதோ கூடாது. விதவை மறுமணம் செய்யலாம். எதையெல்லாம் விட வேண்டும் என்ற பட்டியலும் அதில் இருக்கிறது. எனக்கு அந்தப் பட்டியல்தான் பிடிக்கும். மாப்பிள்ளையின் முகத்தை மறைக்கும் சேஹ்ரா கட்டுவது, பாலும் நீரும் கலந்து பாதம் கழுவுவது, மாப்பிள்ளை வன்னி மரக்கிளையை வெட்டுவது, குடத்தில் நீர் மொண்டு வருவது, பொய்க் கோபம் காட்டி ஒதுங்கிப் போவது, மச்சினிகள் கேட்க மாப்பிள்ளை ஈரடிப் பாட்டுச் சொல்வது, மது, கூத்து. விலக்க வேண்டும் என்று எழுதியவர்கள், தங்களை அறியாமல் பஞ்சாபி முற்றத்தின் முழுக் கல்யாணத்தையும் படம் பிடித்து வைத்துவிட்டார்கள்.

அந்த முற்றம் இன்றும் அடங்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் மையான் நடக்கும். நான்கு பெண்கள் பூவேலை செய்த புல்காரித் துணியை நான்கு முனையில் பிடித்துப் பந்தலாக்க, கீழே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மஞ்சளும் மாவும் கடுகெண்ணெயும் குழைத்த வட்னாவைப் பூசுவார்கள். இரவில் ஜாகோ. பித்தளைக் குடத்தைச் சுற்றி மாவிளக்குகளை ஏற்றித் தலையில் வைத்துக்கொண்டு மாமி முன்னால் போக, சலங்கை கட்டிய கோலைத் தரையில் தட்டித் தட்டிப் பெண்கள் தெருவையே எழுப்புவார்கள். ஜாகோ என்றால் விழித்தெழு என்று பொருள். பெண் வீட்டில் பாடுவது சுஹாக், மாப்பிள்ளை வீட்டில் பாடுவது கோடியான். சம்பந்திகளை வம்புக்கு இழுத்துப் பாடுவது சிட்டணியான்; அதில் பெண்கள் யாருக்கும் பயப்படுவதில்லை.

விடியற்காலையில் தாய்மாமனும் மாமியும் சிவப்பும் வெள்ளையுமான சூடா வளையல்களைப் பால் கலந்த நீரில் நனைத்துப் பெண்ணின் கையில் ஏற்றுவார்கள். அந்தக் காலத்தில் தந்தத்தால் செய்தார்கள். தோழிகள் அதில் கலீரே என்ற தொங்கல்களைக் கட்டுவார்கள். அம்மாவைப் பெற்ற பாட்டி, பேத்தி பிறந்தபோதே தைக்கத் தொடங்கிய சோப் என்ற சிவப்புப் புல்காரியை அவள் தோளில் போர்த்துவது பழைய வழக்கம். துணியின் இரு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்படி தைத்திருப்பார்கள். ஒரு பெண் வளரும் காலமெல்லாம் ஒரு கிழவி ஊசியோடு உட்கார்ந்திருந்தாள் என்பதற்கு அந்தத் துணி சாட்சி. எந்த நெறிநூலும் அதைத் தடை செய்யவில்லை. ஆனால் கைத்தையல் அருகிப்போனது.

மாப்பிள்ளை வீட்டில் அண்ணி கண்ணுக்குச் சுர்மா தீட்டுவாள். சகோதரிகள் குதிரைக்குக் கடலைப் பருப்பு ஊட்டிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பரிசு கேட்பார்கள். பராத் பெண் வீட்டு வாசலுக்கு வந்ததும் மில்னி. கிரந்தத்தைப் படிப்பவரான கிரந்தி முதலில் அர்தாஸ் என்ற பிரார்த்தனையைச் சொல்வார். பிறகு உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, தாத்தாவுக்குத் தாத்தா, தந்தைக்குத் தந்தை, மாமாவுக்கு மாமா மாலை போட்டுத் தழுவிக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் தூக்கிப் பார்ப்பதும் நடக்கும்.

குருத்வாராவுக்குள் போனதும் எல்லாம் மாறிவிடும். தலை மூடி, காலணி கழற்றி, எல்லோரும் தரையில். சேஹ்ராவும் தலைப்பாகையில் செருகிய கல்கியும் வாசலோடு நின்றுவிடும். கிரந்தத்தின் முன்னால் மாப்பிள்ளை ராஜா அல்ல. பெண் வந்து அவனுக்கு இடப்பக்கம் உட்காருவாள். மணமக்களும் பெற்றோரும் மட்டும் எழுந்து நிற்க அர்தாஸ். கிரந்தி இருவருக்கும் இல்லறக் கடமையை எடுத்துச் சொல்வார். அவர்கள் தலை தாழ்த்தி வணங்கினால் சம்மதம் என்று பொருள். பெண்ணின் தந்தை எழுந்து மாப்பிள்ளையின் தோளில் கிடக்கும் பல்லா என்ற துணியின் மறுமுனையை மகள் கையில் கொடுப்பார். அந்த இடத்தில் தந்தையின் கை நடுங்குவதைச் சபை முழுவதும் பார்க்கும். பாடகர்களான ராகிகள் பாடும் பாடலும் அந்தத் துணியைப் பற்றியதுதான்.

முதல் லாவானைக் கிரந்தி படிக்கும்வரை இருவரும் அசையாமல் இருப்பார்கள். பிறகு ராகிகள் அதையே பாட, கிரந்தம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி அவன் முன்னும் அவள் பின்னுமாக மெல்லச் சுற்றி வந்து தலை வணங்குவார்கள். இப்படி நான்கு முறை. பல ஊர்களில் அண்ணன் தம்பிகள் சுற்றிலும் நின்று, சகோதரியைத் தோள் பிடித்து ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அனுப்புவார்கள். பெண் தானாக நடக்கட்டும், யாரும் பிடிக்க வேண்டாம் என்று இன்று சில குருத்வாராக்கள் கேட்டுக்கொள்கின்றன. அந்தக் கைகளில் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொன்னவர்கள் பக்கம்தான் நான். நான்கு பதங்களும் நடப்பவரை நோக்கிப் பேசுகின்றன. நடத்திச் செல்பவரை நோக்கி அல்ல.

பின் குரு அமர்தாஸின் ஆனந்த் சாஹிப்பிலிருந்து முதல் ஐந்து பதங்களும் கடைசிப் பதமும். சபை எழுந்து அர்தாஸ். கிரந்தத்தைத் திறந்து அன்றைய இறைவாக்கான ஹுகம் வாசிப்பு. நெய் மணக்கும் கடா பிரசாதம் கையில் விழுந்தால் கல்யாணம் முடிந்தது. லங்கர் என்ற பொதுச் சமையலில் எல்லோருக்கும் ஒரே பந்தி.

வெளியே வந்ததும் முற்றம் மறுபடி தன் உரிமையைக் கேட்கும். மச்சினிகள் செருப்பை ஒளித்து வைத்திருப்பார்கள். டோலி புறப்படும்போது பெண் பொரியை அள்ளித் தோளுக்குப் பின்னால் வீசுவாள். பிறந்த வீடு நிறைந்திருக்கட்டும் என்று. பல்லக்கு போய்க் கார் வந்த பிறகும் சகோதரர்கள் அந்தக் காரைக் கையால் தள்ளிக் கொஞ்ச தூரம் விடுகிறார்கள். புகுந்த வீட்டு வாசலில் மாமியார் செம்பு நீரை இருவர் தலையையும் சுற்றிக் குடிக்கப் போக, மகன் தடுப்பான்.

இந்த இரண்டு உலகமும் உரசாமல் இல்லை. கடற்கரையிலும் உல்லாச விடுதியிலும் மேடை போட்டு, கிரந்தத்தை அங்கே கொண்டுபோய்க் கல்யாணம் செய்யும் வழக்கம் பெருகியபோது, 2023 அக்டோபரில் சீக்கியரின் உயர் சமய பீடமான அகால் தக்த் அதைத் தடை செய்தது. நூல் இருக்கும் இடத்துக்குக் கல்யாணம் போக வேண்டும், கல்யாணம் போகும் இடத்துக்கெல்லாம் நூல் வராது என்பது அதன் நிலை.

1909 சட்டத்தில் இல்லாத இன்னொன்று பதிவு. மணத்தைப் பதிய அதில் வழியே இல்லாததால், சுதந்திர இந்தியாவில் சான்றிதழ் வேண்டிய சீக்கியத் தம்பதிகள் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் போய்ப் பதிந்தார்கள். 2012இல்தான் திருத்தம் வந்தது. விதிகளை வகுக்கும் பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது. பல மாநிலங்கள் வகுக்கவே இல்லை. 2025இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு நான்கு மாதம் கெடு வைத்தது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம் 2018இல் தனக்கென ஓர் ஆனந்த் காரஜ் சட்டத்தை நிறைவேற்றியது.

மசோதாவைக் கொண்டுவந்த இளவரசர் என்ன ஆனார்? ரிபுதமன் சிங் நாபாவின் மகாராஜா ஆனார். ஆங்கிலேயரோடு ஒத்துப்போகாத மகாராஜா. 1923 ஜூலையில் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதை எதிர்த்து நாபாவின் ஜைத்தோ என்ற ஊரில், குருத்வாரா சீர்திருத்தத்துக்காகத் திரண்டிருந்த அகாலிகளின் போராட்டம் வெடித்தது. என்ன நடக்கிறது என்று பார்க்கப் போன மூன்று பேரை அந்தச் செப்டம்பரில் நாபா போலீஸ் கைது செய்தது. ஒருவர் ஜவாஹர்லால் நேரு. இன்னொருவர் ஆச்சார்ய கித்வானி. மூன்றாமவர் தமிழர், கே. சந்தானம். அவருடைய இடக்கையையும் நேருவின் வலக்கையையும் ஒரே விலங்கில் பூட்டிச் சங்கிலியால் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மகாராஜாவை முதலில் டேராடூனில் வைத்திருந்தார்கள். 1928இல் பட்டத்தையும் பறித்துக்கொண்டு, பஞ்சாபிலிருந்து முடிந்தவரை தூரமாக அனுப்பினார்கள். அனுப்பிய இடம் நம் கொடைக்கானல். ஊர் திரும்பாமலே 1942 டிசம்பரில் அங்கே இறந்தார். ஜைத்தோவின் கதையை அடுத்த பகுதியில் அந்தக் கைவிலங்கிலிருந்து தொடங்குகிறேன்.